குட்டனின் ஏகாதசி

மாதுங்காவில் அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி வருவதற்கு முன்னால் பூனையின் கதை வந்துவிடும். சொல்வது பாகீரதி மன்னி.

"எங்காத்துக் குட்டன் ஏகாதசின்னா ஒரு வாய் தொடமாட்டான், கேட்டேளா? பாலைக் கொண்டுபோய் மூக்குக்கு நேரா வெச்சாலும் மூஞ்சியைத் திருப்பிண்டுடுவான். போன ஜன்மத்துல ஏதோ பெரிய வைதீகனா இருந்திருக்கான்."

வந்தவர்கள் ஜன்னல் மேடையைத் திரும்பிப் பார்ப்பார்கள். செம்பட்டை நிறத்தில் தலையணை கனத்துக்கு ஒரு கடுவன் பூனை அங்கே கண்ணை மூடிப் படுத்திருக்கும். கன்னத்தில் போட்டுக்கொண்ட மாமிகளும் உண்டு.

அது ஏன் பாலைத் தொடுவதில்லை என்பது ஷ்யாமளா ஒருத்திக்குத்தான் தெரியும். ஏகாதசியன்று மன்னி எழுந்திருப்பதற்கு முன்பே அவள் குட்டனைத் தூக்கிக்கொண்டு கீழே போவாள். மாடிப்படிக்கு அடியில் கரண்ட் மீட்டர்கள் இருக்கும் சின்ன அறை. அதை எல்லோரும் மீட்டர் ரூம் என்பார்கள். முதல்நாள் எடுத்து வைத்த பால் சாதத்தை அங்கே வைத்து ஒரு பெரிய கிண்ணம் நிறையக் கொடுத்துவிடுவாள். வயிறு முட்டத் தின்ற பூனை அப்புறம் பாலைக் கண்டால் முகத்தைத் திருப்பாமல் என்ன செய்யும்? ஒன்பது வருஷமாக இந்தக் கூத்து. மன்னிக்கு ஒரு பெருமை இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஷ்யாமளா வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

ஷ்யாமளா பாகீரதியின் நாத்தனார். வயது நாற்பத்தாறு. ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சீனியர் கிளார்க். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் ஓய்ந்துபோய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது. அண்ணா சந்திரமௌலி அவளைவிடப் பதினாறு வயது பெரியவர். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், சர்க்கரை வியாதிக்காரர், பதினோரு வருஷமாக இன்சுலின்.

அந்த இன்சுலினைப் போடுவதும் ஷ்யாமளாதான். ஆரம்பத்தில் டாக்டர் அவரையே போட்டுக்கொள்ளப் பழகச் சொன்னார். இரண்டு நாள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள், "எனக்குக் கை நடுங்கறதுடி ஷ்யாமளா" என்று கீழே வைத்துவிட்டார். மன்னிக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். அவர்கள் பிள்ளை ஜம்பு அப்போதே நாக்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அதனால் தினம் காலை ஆறரைக்கு ஷ்யாமளா கண்ணாடி சிரிஞ்சைச் சின்னப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைப்பாள். அண்ணாவின் சிறுநீரில் எட்டுச் சொட்டு எடுத்து நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார்ப்பாள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று ஏற ஏற ஆபத்து. நிறத்தைப் பார்த்து, டாக்டர் எழுதிக்கொடுத்தபடி ஒன்று இரண்டு யூனிட் கூட்டியோ குறைத்தோ, சரியாக ஏழு மணிக்குப் போட்டுவிடுவாள்.

இந்த ஏழு மணிக்காக அவள் பதினோரு வருஷம் வெளியூரில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. ஆபீசர் வேலை இரண்டு தடவை தேடி வந்தது. ஒரு தடவை நாக்பூர், ஒரு தடவை பூனா. 'தமையனாருக்கு ஊசி போட வேறு ஆள் இல்லை' என்று இரண்டு தடவையும் எழுதிக்கொடுத்தாள். அவளுக்குக் கீழே டைப் அடித்துக்கொண்டிருந்த பையன்களெல்லாம் இப்போது கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்துகொண்டு மணியடித்து அவளைக் கூப்பிடுகிறார்கள். அண்ணா மட்டும் ஒவ்வொரு தடவையும், "நீ இல்லேன்னா நான் இல்லைடி" என்று கண் கலங்குவார். அது பொய்யில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மில் ஸ்டிரைக் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். அந்த மழைக்காலத்தில்தான் குட்டன் தண்ணீராகக் குடிக்க ஆரம்பித்தது. தன் கிண்ணத்தைக் காலி பண்ணிவிட்டு பாத்ரூம் குழாயடியில் போய் நக்கும். அது ஒண்ணுக்குப் போகிற மணல் டப்பா தினமும் சேறாகிவிடும். சாப்பாடு முன்னைவிட இரண்டு பங்கு, ஆனால் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. ஒருநாள் அது நடந்து வருவதைப் பார்த்து ஷ்யாமளா பதறிப்போனாள். பின்னங்கால் இரண்டும் தரையோடு மடங்கிப் பதிந்து, முயல் உட்கார்ந்தபடியே நகர்வது போல வந்தது. ஜன்னல் மேடைக்குத் தாவப் பார்த்து முடியாமல் விழுந்தது.

அரைநாள் லீவு போட்டுவிட்டு, பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு பரேலில் இருக்கிற மிருக ஆஸ்பத்திரிக்குப் போனாள். சித்னிஸ் என்று ஒரு மராட்டிப் பெண் டாக்டர். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னாள்: "ஷுகர்."

ஷ்யாமளாவுக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டில் ஒருத்தர் போதாதா?

என்ன கொடுக்கிறாய் என்று டாக்டர் கேட்டாள். பால் சாதம், நெய் சாதம், தயிர் சாதம், பண்டிகைக்குப் பாயசம் என்றாள் இவள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பூனைக்குச் சோறே ஆகாது, இதற்கு இனி மீன், இல்லாவிட்டால் கோழி, முட்டை. சோறும் பாலும் நிற்க வேண்டும். காலையிலும் சாயங்காலமும் இரண்டு யூனிட் இன்சுலின். அதைச் சொல்லிவிட்டு விரலை நீட்டி, கண்டிப்பாக ஒன்று சொன்னாள். "முதலில் சாப்பாடு, அப்புறம் ஊசி. ஒரு வேளை ஊசி தவறினால் பூனைக்கு ஒன்றும் ஆகாது. சாப்பிடாத பூனைக்கு ஊசி போட்டால் செத்துப்போகும். புரிந்ததா?"

ஊசி ஷ்யாமளாவுக்குப் பழக்கம்தான். மீனுக்குத்தான் வழி தெரியவில்லை. பாலக்காட்டிலிருந்து வந்த நாள் முதல் முட்டை ஓடுகூட வாசற்படி தாண்டாத வீடு அது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெண் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவள் தனக்குள் தமிழில் முனகியதைக் கேட்டுத் திரும்பினாள்.

"என்னக்கா, மீனுக்கா இப்படி முழிக்கிய? நான் என்னமோ டாக்டரம்மா ஒங்க கிட்னியக் கேட்டாவளோன்னு நெனச்சேன்."

அவள் பெயர் நஜ்முன்னிசா. தாராவியில் வீடு. புருஷன் ஹனீப் தோல் பட்டறையில் வேலை செய்கிறான். இவள் வீட்டில் ஜாக்கெட் தைத்து, தினமும் சாயங்காலம் மாதுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் கொண்டுவந்து கொடுக்கிறாள். ஷ்யாமளா ஆபீஸ் விட்டு இறங்குகிற நேரமும் அதுதான்.

"நான் ஆக்கும்போது நாலு துண்டு உப்பு மொளகா போடாம தனியா அவிச்சுத் தாரேன். முள்ளெடுத்துத் தாரேன். கையால தொடக்கூட வேண்டாம் ஒங்களுக்கு."

"உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"சிரமமா? எனக்கு ரேசன் ஆபீசுக்கு ஒரு மனு எழுதித் தாங்க, போதும். மூணு மாசமா அங்க நாயா அலையுதேன்."

மனுவை ஷ்யாமளா அந்தப் பெஞ்சிலேயே எழுதிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் ஸ்டேஷன் பாலத்தடியில் ஒரு அலுமினிய டப்பா கைமாறியது. அன்று முதல் தினமும் அப்படித்தான்.

முதல் நாள் ஷ்யாமளா டப்பாவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு திறந்தாள். மீட்டர் ரூமில் மூக்கைப் புடவையால் பொத்திக்கொண்டு மத்தி மீனைக் கிண்ணத்தில் கவிழ்த்தாள். குட்டன் ஒருமுறை முகர்ந்து பார்த்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அது உறுமிக்கொண்டே சாப்பிடுவதைக் கேட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் இதற்கு நாம் என்ன கொடுத்துக்கொண்டிருந்தோம்?

காலைக்கென்று பாதியை, கெடாமல் இருக்க ஈர மணல் நிரப்பிய சட்டியில் வைத்து மீட்டர் ரூம் மூலையிலேயே மூடி வைப்பாள். அண்ணாவுக்கு ஏழு மணி, குட்டனுக்கு ஏழேகால். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு. பூனைக்கு ஊசி என்பது வீட்டில் தெரியும், மீன்தான் தெரியாது. மணல் டப்பாவில் மணலை எடுத்துவிட்டுப் பழைய கரண்டியை நீட்டி அதன் சிறுநீரைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். முதல் வாரம் செங்கல் நிறம். மூன்றாம் வாரம் மஞ்சள். ஐப்பசி பிறந்தபோது ஒருநாள் சோதனைக் குழாயில் பச்சை நிறம் வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அதே வாரம் குட்டன் நேராக நின்று நடந்தது.

"பச்சையா?" என்றாள் நஜ்முன்னிசா, அன்று சாயங்காலம். "பாத்தியளா, எங்க மீனுக்கு! ஒங்க அண்ணாச்சிக்கும் ரெண்டு துண்டு குடுங்க, அவுகளுக்கும் பச்சையாயிரும்."

ஷ்யாமளா சிரித்துவிட்டாள். அப்புறம் சொன்னாள். "ஏகாதசி அன்னிக்கு மாத்திரம் கொஞ்சம் சீக்கிரம் குடுக்கணும். எங்காத்துல அன்னிக்கு அவனும் உபவாசம்னு நெனைச்சிண்டிருக்கா."

"பூனைக்கு நோம்பா?" நஜ்முன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கள்ல சீக்காளி மனுசருக்கே நோம்பு கெடையாதுக்கா. ஒங்க மதினிகிட்ட பளிச்சுனு சொல்லிருங்க. இது வெளையாட்டில்ல."

சொல்லவில்லை. கார்த்திகை பிறந்ததும் விஷயம் வேறு விதமாக வெளியே வந்தது. கட்டடச் செகரட்டரி, மீட்டர் ரூமில் மீன் நாற்றம் அடிக்கிறது என்று மன்னியிடம் வந்து கேட்டார். மன்னி மணல் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தக் கையாலதானே அண்ணாக்கு ஊசி போட்டே? இந்தக் கையாலதானே சுவாமி ரூம்ல விளக்கேத்தினே?" மாடிக்கு வந்தும் அழுகை நிற்கவில்லை. "துலுக்காத்து மீனைக் கொண்டுவந்து... ஷ்யாமளா, உனக்கு எப்படிடி மனசு வந்தது?"

"அவன் செத்துண்டிருந்தான் மன்னி."

"சாகட்டுமே! ஆசாரத்தோட சாகட்டுமே!"

சொன்ன பிறகு மன்னிக்கே அது அதிகம் என்று பட்டிருக்க வேண்டும். மடியில் வந்து உட்கார்ந்த குட்டனைத் தள்ளவில்லை, முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். அவளும் அதை வளர்த்தவள்தான். கண்கூடத் திறக்காத குட்டியாக மழையில் கிடந்ததை எடுத்துப் பஞ்சில் பால் நனைத்துப் புகட்டியது மன்னிதான்.

அண்ணா பஞ்சாயத்துப் பண்ணினார். மீன் மீட்டர் ரூமைத் தாண்டி மேலே வரக்கூடாது. பூனையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். ஏகாதசியன்று மீன் கிடையவே கிடையாது.

"அவன்தான் அன்னிக்கு எதையும் தொடறதில்லையே" என்றார் அண்ணா, ஏதோ பெரிய சலுகை கொடுத்துவிட்டது போல. "அதனால உனக்கு ஒண்ணும் நஷ்டமில்லை."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒன்பது வருஷம் ஏமாற்றியிருக்கிறேன் என்று அழுதுகொண்டிருப்பவளிடம் எப்படிச் சொல்வது? ஷ்யாமளா, "சரி" என்றாள். வழக்கம்போல விடியலில் கீழே தூக்கிப்போனால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்துக் குருவாயூர் ஏகாதசி வந்தது. பாலக்காட்டுக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய நாள் இல்லை. அந்த வருஷம் பாராயணம் மன்னியின் வீட்டில். பதினெட்டு மாமிகள் வருகிறார்கள். அதே நாளில் பதினோரு மணிக்கு ஷ்யாமளாவுக்கு ஆபீசர் வேலைக்கான இன்டர்வியூ. மூன்றாம் தடவை, இதுதான் கடைசி. இதற்குமேல் வயது வரம்பு தாண்டிவிடும்.

அவள் நாலரைக்கு எழுந்து கூடத்துக்கு வந்தபோது விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. மன்னி மூன்று மணிக்கே எழுந்துவிட்டிருந்தாள். குட்டனை வெந்நீரில் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனம் இட்டு, கழுத்தில் துளசி மாலை கட்டி, சுவாமி அலமாரிக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார வைத்து, ஓடிப்போகாமல் இருக்க மெல்லிய கயிற்றால் பலகையோடு கட்டியும் வைத்திருந்தாள். மாமிகள் எல்லோரும் ஏகாதசிப் பூனையைப் பார்க்க வேண்டுமாம்.

"மன்னி, அவனுக்கு ஊசி போடணும். அஞ்சு நிமிஷம் கீழே..."

"இன்னிக்கா? குளிப்பாட்டி மடியா வெச்சிருக்கேன்டி. இன்னிக்கு ஒருநாள் பகவான் பாத்துப்பார்."

"சாப்பிடாம ஊசி போடக்கூடாது மன்னி."

"அப்போ போடாதே."

அதுவும் சரிதான் என்று ஷ்யாமளாவுக்குத் தோன்றியது. ஒரு வேளை தவறினால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறாள். இன்டர்வியூவுக்குப் போகிற நாளில் வீட்டில் ரகளை வேண்டாம். அண்ணாவுக்கு ஊசி போட்டு, உப்புமாத் தட்டைக் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அண்ணா, குட்டனுக்கு இன்னிக்கு ஊசி கிடையாது. சாயங்காலம் நான் வந்து பாத்துக்கறேன். கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன். நீ இன்டர்வியூவை நன்னா பண்ணு" என்றார் அண்ணா பேப்பரைப் பார்த்துக்கொண்டே.

இன்டர்வியூவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். ஒருவர் தலையைக்கூட ஆட்டினார். கடைசியாகக் கேட்டார்கள். பூனா போவீர்களா?

காலையில் இன்டர்வியூவுக்கு வருகிற வழியெல்லாம் அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். சரி என்று சொல்லிவிடலாமா? தினம் காலையில் ஒரு கம்பவுண்டரை வரச்சொன்னால் என்ன? ஆனால் கம்பவுண்டர் ஒருநாள் வராமல் போனால்? அண்ணாவின் நடுங்கும் கை அவள் கண் முன்னால் வந்தது.

"என் அண்ணாவால் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்ள முடியாது சார்" என்றாள். "வேறு யாரும் இல்லை."

ஃபைலை மூடினார்கள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால்.

சாயங்காலம் நஜ்முன்னிசாவிடம் டப்பாவை வாங்கிக்கொண்டு அவள் வீடு வந்து சேர்ந்தபோது நாலே முக்கால். டப்பாவைக் கீழேயே வைத்துவிட்டுப் படியேறினாள். மாமிகளில் ஆறேழு பேர் இன்னும் இருந்தார்கள். கூடம் முழுக்கச் சாம்பிராணிப் புகை. மன்னியின் முகம் விளக்குப் போல இருந்தது.

"வா வா! உன் பிள்ளையைப் பாரு, பாராயணம் பாதியில சாஞ்சவன், அப்படியே பகவான் கால்ல கிடக்கறான். ரெண்டு மணி நேரமா அசையலை. ரேழியாத்து மாமி சொல்றா, இது சமாதியாம்."

குட்டன் பலகையில் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. வாயோரம் நுரை. ஷ்யாமளா தொட்டுப் பார்த்தாள். காது ஜில்லென்று இருந்தது. கண் திறந்திருந்தும் அவளைப் பார்க்கவில்லை. முன்னங்கால் ஒன்று மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது.

"யார் ஊசி போட்டது?"

மாமிகள் அண்ணா பக்கம் திரும்பினார்கள்.

"நான்தான்" என்றார் அண்ணா. "பத்து மணியிலேர்ந்து தண்ணியா குடிச்சான். தீர்த்தப் பாத்திரத்தையே காலி பண்ணிட்டான். அப்புறம் பலகையிலேயே ஒண்ணுக்குப் போயிட்டான். பாலாம்பா மாமியோட பட்டுப்புடவை நனைஞ்சு போச்சு. சர்க்கரை ஏறிடுத்துன்னு எனக்குத் தெரியாதா? பதினோரு மணிக்குப் போட்டேன்."

"எவ்வளவு?"

"ஆறு. கூட இருந்தா கூடத்தானே போடணும்? எனக்கு நீ அப்படித்தானே பண்றே?"

"சாப்பாடு?"

மன்னி குறுக்கே வந்தாள். "என்னடி கேள்வி இது? ஏகாதசியோன்னோ? அவன்தான் தொடமாட்டானே. யாரோ மாமி வாழைப்பழம் குடுக்க வந்தா. நான்தான், வேண்டாம், அவன் விரதத்தைக் கெடுக்காதேங்கோன்னேன்." மாமிகள் பக்கம் திரும்பினாள். "எங்காத்து மாமா எவ்வளவு அழகா ஊசி போட்டார்னு நீங்கள்லாம்தானே சொன்னேள்? ஒரு சொட்டு சிந்தலை. குட்டன் அசையக்கூட இல்லை."

ஷ்யாமளாவுக்கு அப்போது எதுவும் காதில் ஏறவில்லை. அண்ணாவின் குளுக்கோஸ் டப்பாவை எடுத்து, தண்ணீரில் குழைத்து, குட்டனின் உதட்டை விலக்கி ஈறில் தேய்த்தாள். நாலு மாசமாக எந்தச் சர்க்கரையை அந்த உடம்பிலிருந்து துரத்திக்கொண்டிருந்தாளோ, அதையே விரல் விரலாகத் தேய்த்தாள். கயிற்றை அறுத்து, துளசி மாலையோடு அப்படியே துண்டில் சுற்றிக்கொண்டு தெருவுக்கு ஓடி டாக்ஸியை நிறுத்தினாள்.

தாதர் பாலத்தில் ஏறும்போது வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. ஷ்யாமளா விரலில் குளுக்கோஸைத் தொட்டுத் தொட்டு வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள். பாலத்தின் உச்சியில் குட்டன் ஒருமுறை முழு உடம்பையும் நீட்டியது, ஜன்னல் மேடையில் சோம்பல் முறிப்பது போல. அப்புறம் கனத்தது.

டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "வண்டியைத் திருப்பட்டுமா அம்மா?" என்று இந்தியில் கேட்டார். வேண்டாம், போங்கள் என்றாள்.

டாக்டர் சித்னிஸ் கண்ணை விலக்கிப் பார்த்தாள். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தாள். சாப்பிட்டதா என்று கேட்டாள். இல்லை. ஊசி? போட்டாயிற்று. ஏன் சாப்பிடவில்லை?

ஷ்யாமளா எப்படியெல்லாமோ யோசித்தாள். கடைசியில் ஒரு வார்த்தைதான் கிடைத்தது. "உபவாஸ்."

"பூனைக்கா?" என்றாள் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கழுத்தில் இருந்த துளசி மாலையையும் நெற்றிச் சந்தனத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையைக் கழுவப் போய்விட்டாள்.

வெறுங்கையோடு திரும்பி வந்தவளைப் பார்த்ததும் மன்னி ஓவென்று அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. மாமிகள் சுற்றி நின்று சமாதானம் சொன்னார்கள். ஏகாதசியும் அதுவுமாகப் பகவான் சந்நிதியில், துளசி மாலையோடு. எந்த மனுஷ ஜன்மத்துக்குக் கிடைக்கும் இது? கொஞ்சம் கொஞ்சமாக மன்னியின் அழுகை மாறியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளும் தலையசைத்தாள். "ஆமாம். நேரா வைகுண்டம்தான் போயிருக்கான். கடைசி வரைக்கும் ஒரு வாய் தொடலை பாருங்கோ."

ஒன்பது வருஷமாகத் தொண்டையில் இருந்தது ஷ்யாமளாவின் வாய் வரைக்கும் வந்தது. அவன் ஒரு ஏகாதசியும் இருந்ததில்லை. இன்றைக்குத்தான் முதல் ஏகாதசி. ஆனால் இதை இப்போது யாருக்குச் சொல்லி என்ன? அந்தப் பொய்யை வளர்த்தவள் அவள்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள்.

மறுநாள் துவாதசி. சமையலறையில் அகத்திக்கீரை வேகும் வாசனை. ஷ்யாமளா எழுந்து, பழக்க தோஷத்தில் இரண்டு சிரிஞ்சையும் பாத்திரத்தில் போட்டுத் தண்ணீரை விட்டாள். அப்புறம் ஒன்றை எடுத்து வெளியே வைத்தாள். தண்ணீர் கொதிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், நேற்றுக் காதில் ஏறாமல் போனது இப்போது ஏறியது. ஒரு சொட்டு சிந்தலை.

பூனையின் தோல் மெல்லியது. கழுத்துக்குப் பின்னால் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, மயிரை விலக்கி, ஊசியைச் சாய்வாக ஏற்ற வேண்டும். அவளுக்கே அது படிய இரண்டு வாரம் ஆயிற்று.

ஏழு மணிக்கு அண்ணா வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மேலே சுருட்டினார். ஷ்யாமளா முதலில் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பிறகு சிரிஞ்சையும் மருந்துக் குப்பியையும் பஞ்சையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

அண்ணா கையை நீட்டியபடியே காத்திருந்தார். "என்னடி? போடு."

"நீயே போட்டுக்கோ."

"விளையாடாதே. எனக்குத்தான் கை நடுங்கறதே."

"நேத்திக்கு நடுங்கலையே அண்ணா."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அண்ணா மன்னி இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஷ்யாமளா அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரவேண்டிய நடுக்கத்தை எதிர்பார்த்தாள். இப்போதாவது நடுங்கட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். நடுங்கினால் பதினோரு வருஷத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கும். மூன்று தடவை வேலையை வேண்டாம் என்றதற்கும் அர்த்தம் இருக்கும்.

"இன்டர்வியூ... என்ன ஆச்சு?" என்றார் அண்ணா மெதுவாக. நேற்றிலிருந்து யாரும் கேட்காத கேள்வி.

"உனக்குக் கை நடுங்கறதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இட்லி ஆறிக்கொண்டிருந்தது. பிறகு குப்பியைக் கவிழ்த்துப் பிடித்து, மருந்தை இழுத்து, கண்ணுக்கு நேரே தூக்கி, காற்றுக் குமிழியைச் சுண்டி வெளியேற்றினார். தொடையில் பஞ்சால் துடைத்துவிட்டு ஊசியை ஏற்றினார்.

ஒரு சொட்டு சிந்தவில்லை.